14 பவுண்ட் வான்கோழி, பத்துப் பேர், ஒரே ஓவன்: தேங்க்ஸ்கிவிங் விருந்தை எப்படிச் சமைப்பது?

"அமெரிக்காவில் முதல்முறையாக எங்கள் வீட்டிலேயே தேங்க்ஸ்கிவிங் விருந்து வைக்கிறோம். பத்துப் பேர் வருகிறார்கள், அதில் இரண்டு பேர் சைவம். 14 பவுண்ட் வான்கோழி ஃப்ரீசரில் இருக்கிறது. கறி வறண்டு போகாமல் எப்படிச் சமைப்பது, மற்றவற்றை எப்போது செய்வது?" இதுதான் கேள்வி. (தேங்க்ஸ்கிவிங் என்பது நவம்பர் நான்காவது வியாழக்கிழமை அமெரிக்கர்கள் கொண்டாடும் நன்றி தெரிவிக்கும் விழா.)

வியாழக்கிழமை சாப்பிட வேண்டிய வான்கோழியைச் சனிக்கிழமை காலையிலேயே ஃப்ரீசரிலிருந்து எடுத்து, ஒரு ஆழமான தட்டில் வைத்து, ஃப்ரிட்ஜின் கீழ்த்தட்டுக்கு மாற்றிவிடுங்கள். ஒவ்வொரு 4 அல்லது 5 பவுண்டுக்கும் 24 மணி நேரம் என்பது அமெரிக்க வேளாண் துறை சொல்லும் கணக்கு. 14 பவுண்டுக்கு மூன்று நாள் முழுசாக வேண்டும், செவ்வாய்க்கிழமைதான் இளகும். இந்த விருந்தில் பலருக்கும் சறுக்குவது இங்கேதான். புதன் இரவு பார்த்தால் வெளியே மெத்தென்று இருக்கும், உள்ளே கைவிட்டால் பனிக்கட்டி. அவசரத்துக்குச் சமையலறை மேடையில் வெளியே வைத்து இளக்கவே கூடாது. மேல்தோல் பல மணி நேரம் பாக்டீரியா பெருகும் சூட்டில் கிடக்கும், நடுப்பகுதி அப்போதும் உறைந்தே இருக்கும். நேரம் தவறிவிட்டால் ஒரே வழி குளிர்ந்த தண்ணீர்: உறையைப் பிரிக்காமல் சிங்க்கில் முழுக்க மூழ்க வைத்து, அரை மணிக்கு ஒருமுறை தண்ணீரை மாற்ற வேண்டும். பவுண்டுக்கு 30 நிமிடம், அதாவது உங்கள் பறவைக்கு ஏழு மணி நேரம். அப்படி இளக்கியதை உடனே சமைத்துவிட வேண்டும்.

அளவு சரியாகவே வாங்கியிருக்கிறீர்கள். எலும்போடு தலைக்கு ஒரு பவுண்ட், மறுநாளுக்கு மிஞ்ச வேண்டுமென்றால் ஒன்றரை. எட்டு அசைவக்காரர்களுக்கு 14 பவுண்ட் தாராளம்.

இன்னும் ஒரு பொருள் வாங்க வேண்டும்: சில நொடியில் சூட்டைக் காட்டும் டிஜிட்டல் தெர்மாமீட்டர். இது இல்லாமல் வான்கோழியில் இறங்காதீர்கள். சில பறவைகளின் நெஞ்சில் குத்தி வரும் பிளாஸ்டிக் குமிழ் மேலே எழும்பும்போது நெஞ்சுக்கறி பெரும்பாலும் வெந்து வறண்டிருக்கும். குத்தினால் வடியும் சாறு தெளிவாக இருக்கிறதா என்று பார்ப்பதும் நம்பத் தகுந்ததல்ல. சில பறவைகளில் எலும்பையொட்டிய கறி நன்றாக வெந்த பின்பும் இளஞ்சிவப்பாகவே இருக்கும். (இந்தப் பதிலில் வரும் சூடெல்லாம் பாரன்ஹீட்டில், அங்கே ஓவன் டயலில் இருப்பது அதுதான்.)

கறி வறண்டு போவதற்கான காரணத்தைப் புரிந்துகொண்டால் மற்ற எல்லாம் எளிது. பாதுகாப்புக்காக அமெரிக்க வேளாண் துறை சொல்லும் சூடு 165 டிகிரி. நெஞ்சுக்கறியில் கொழுப்பு குறைவு. அது 165ஐத் தாண்டி ஏற ஏற தசைநார்கள் சுருங்கி உள்ளே இருக்கும் நீரைப் பிழிந்து வெளியே தள்ளிவிடும். தொடையோ நேர் எதிர். அதில் இருக்கும் சவ்வு கரைந்து மிருதுவாக 175, 180 வரை போக வேண்டும், 165இல் எடுத்தால் ரப்பர் மாதிரி இழுக்கும். ஒரே பறவையில் இரண்டு வேறு கறிகள். முழுப் பறவையாக வைத்தால் நெஞ்சு மேலே வெப்பத்துக்கு நேராக நிற்கிறது, தொடை கீழே ஒளிந்து கிடக்கிறது. தொடை வேகும்வரை காத்திருந்தால் நெஞ்சு போயிற்று.

ஆகவே முதல்முறை செய்பவர்களுக்கு என் பரிந்துரை ஒன்றுதான்: முதுகெலும்பை வெட்டி எடுத்துவிட்டு, பறவையைப் புத்தகம்போல் விரித்துத் தட்டையாக வேக வைப்பது. ஸ்பாட்ச்காக் என்று கறிக்கடையில் கேட்டால் புரியும், சில கடைகளில் அவர்களே வெட்டித் தருவார்கள். இப்படி விரித்தால் தொடைகள் ஓரத்துக்கு வந்து முழு வெப்பத்தையும் வாங்கும், நெஞ்சும் தொடையும் அந்தந்தச் சூட்டுக்குக் கிட்டத்தட்ட ஒரே நேரத்தில் வந்து சேரும். நேரமும் பாதிக்குக் கீழே குறையும். இதில் இழப்பது ஒன்றே, முழுப் பறவையை மேசை நடுவில் வைக்கும் அந்தக் காட்சி. சில குடும்பங்களுக்கு அது பெரிய விஷயம், தவறில்லை. அவர்களுக்கான முறையைக் கீழே சொல்கிறேன்.

செவ்வாய் மாலை வெட்டும் வேலை. முதலில் வயிற்றுக்குள்ளும் கழுத்துப் பக்கத் தோலுக்குள்ளும் கைவிட்டுப் பாருங்கள். கழுத்து எலும்பு, ஈரல், இதயம் முதலானவை தனிப் பொட்டலமாக உள்ளே இருக்கும், பெரும்பாலும் இரண்டு இடத்தில். ஒன்றை எடுத்துவிட்டு இன்னொன்றை மறந்து அப்படியே ஓவனுக்குள் வைப்பவர்கள் உண்டு. காகிதப் பொட்டலம் என்றால் பெரிய தீங்கில்லை. பிளாஸ்டிக் உருகியிருந்தால் பறவையைத் தூக்கிப் போட வேண்டியதுதான்.

நம் வீடுகளில் கறியை மஞ்சள் போட்டு நாலு தண்ணீர் கழுவுவது வழக்கம். வான்கோழிக்கு அது வேண்டாம். இவ்வளவு பெரிய பறவையைச் சிங்க்கில் கழுவினால் தண்ணீர் தெறித்து, பக்கத்தில் நறுக்கி வைத்திருக்கும் காய், பாத்திரம் எல்லாவற்றிலும் கிருமி படியும். பேப்பர் டவலால் உள்ளும் புறமும் ஈரம் போக ஒற்றி எடுத்தால் போதும்.

நெஞ்சு கீழே இருக்கும்படி கவிழ்த்து, வால் பக்கத்திலிருந்து முதுகெலும்பின் ஒரு பக்கமாக, எலும்பை ஒட்டியபடி, உறுதியான கத்தரியால் வெட்டிக்கொண்டே போங்கள். பிறகு மறுபக்கம். தொடை மூட்டு வரும் இடத்தில் கத்தரி நின்றுவிடும். அங்கே அழுத்திப் போராடாமல் கால் அங்குலம் உள்பக்கம் தள்ளி வெட்டினால் போய்விடும். முதுகெலும்பைத் தூக்கிப் போடாதீர்கள், கிரேவியின் உயிர் அதில்தான் இருக்கிறது. பறவையைத் திருப்பி, இரண்டு உள்ளங்கையையும் நெஞ்சின் நடுவில் வைத்து உடம்பின் எடையைக் கொடுத்து அழுத்துங்கள். எலும்பு முறியும் சத்தம் கேட்டால் தட்டையாகிவிட்டது என்று பொருள். இறக்கை நுனியை நெஞ்சுக்கு அடியில் மடித்துச் செருகுங்கள், இல்லாவிட்டால் கருகும்.

அடுத்தது உப்பு. அதற்குமுன் உறையைப் படியுங்கள். பல பெரிய நிறுவனங்களின் உறைந்த பறவைகளில் உப்புநீர்க் கரைசல் ஏற்கெனவே செலுத்தப்பட்டிருக்கும், எத்தனை சதவீதம் என்று சின்ன எழுத்தில் இருக்கும். கோஷர் (யூத உணவு முறைப்படி தயாரித்த) பறவைகளும் உப்பிட்டே வரும். அவற்றுக்கு மேலே உப்புப் போட்டால் கறி கரித்துவிடும். எதுவும் சேர்க்காத பறவை என்றால் 14 பவுண்டுக்கு சுமார் 45 கிராம் உப்பு. எடை பார்த்துப் போடச் சொல்வதற்குக் காரணம் உண்டு. தூள் உப்பில் 45 கிராம் என்பது இரண்டரை டேபிள்ஸ்பூன். பரல் பெரிதான கோஷர் உப்பில், மார்ட்டன் நிறுவனத்தினது என்றால் மூன்று. டயமண்ட் கிரிஸ்டல் நிறுவனத்தினது என்றால் ஏறக்குறைய ஐந்து. சமையல் குறிப்பில் "ஐந்து ஸ்பூன்" என்று பார்த்துத் தூள் உப்பை அள்ளிப் போட்டால் விருந்து அங்கேயே முடிந்தது. உப்போடு ஒரு டேபிள்ஸ்பூன் பேக்கிங் பவுடரும் (சோடா அல்ல) மிளகுத்தூளும் கலந்து, நெஞ்சுத் தோலுக்கு அடியிலும் மேலேயும் தொடையிலும் தடவுங்கள். பேக்கிங் பவுடர் தோலின் காரத்தன்மையை (pH) கூட்டிப் பொன்னிறமும் மொறுமொறுப்பும் வரவைக்கும். பிறகு மூடாமல் ஃப்ரிட்ஜில் வியாழன் வரை. முதலில் உப்பு நீரை வெளியே இழுக்கும், அந்த நீரில் உப்புக் கரைந்து மறுபடி உள்ளே போகும். மேல்தோல் காய்ந்து காகிதமாக ஆகும், அதுதான் வேண்டும். பெரிய வாளியில் உப்புநீரில் ஊறவைக்கும் பழைய முறையும் கறியை ஈரமாகவே வைத்திருக்கும். ஆனால் அந்த ஈரத்தில் பாதி வெறும் தண்ணீர்ச் சுவை, தோலும் நனைந்துவிடும், ஃப்ரிட்ஜில் இடமும் போதாது. 18 அங்குலத் தட்டு உங்கள் ஃப்ரிட்ஜுக்குள் போகுமா என்பதைத் திங்கட்கிழமையே அளந்துவிடுங்கள்.

மசாலா தடவலாமா என்ற கேள்வி கட்டாயம் வரும். தடவலாம், ஆனால் எதிர்பார்ப்பு சரியாக இருக்கட்டும். இவ்வளவு தடிமனான கறிக்குள் உப்பு மட்டும்தான் ஆழமாக இறங்கும். மிளகாயும் மல்லியும் மேலேயே நின்றுவிடும். தயிர் மசாலா பூசினால் தோல் மொறுமொறுப்பாகாது. 450 டிகிரியில் மிளகாய்த்தூள் தோலின் மேல் கருகிக் கசக்கும். இஞ்சி, பூண்டு, மிளகு, சோம்பு, கறிவேப்பிலையை வெண்ணெயில் அரைத்துத் தோலுக்கு அடியில் மட்டும் தடவுங்கள், காரத்தைக் கிரேவிக்கு ஒதுக்குங்கள். சாப்பிடுபவருக்கு மசாலா வாசனை போய்ச் சேர்வது அந்த வழியாகத்தான்.

புதன்கிழமை கிரேவிக்கான சாறு. முதுகெலும்பு, கழுத்து, இதயம் ஆகியவற்றோடு இரண்டு வெங்காயம், இரண்டு கேரட், இரண்டு செலரித் தண்டு நறுக்கிப் போட்டு 425 டிகிரியில் முக்கால் மணி நேரம் சிவக்க வறுங்கள். ஈரலைச் சேர்க்காதீர்கள், சாறு கசந்துவிடும். வறுத்ததைப் பானையில் போட்டு பத்துக் கப் தண்ணீர் ஊற்றி, தட்டில் ஒட்டியிருக்கும் பழுப்பையும் சுரண்டிச் சேர்த்து, இரண்டரை மணி நேரம் சிறுதீயில் விடுங்கள். ஆறு கப் வந்தால் சரி. வடிகட்டி ஃப்ரிட்ஜில் வையுங்கள்.

பூசணிப் பையும் (pie, மாவு ஓட்டுக்குள் பூரணம் ஊற்றிச் சுடும் இனிப்பு) புதன்கிழமைதான். அன்றன்றைக்குச் செய்தால் ஓவன் போதாது, சூடாக இருக்கும்போது வெட்டவும் வராது. 15 அவுன்ஸ் பூசணி டின் ஒன்று, 12 அவுன்ஸ் எவாப்பரேட்டட் மில்க் ஒன்று, முக்கால் கப் சர்க்கரை, இரண்டு முட்டை, அரை டீஸ்பூன் உப்பு, ஒரு டீஸ்பூன் பட்டைத்தூள், அரை டீஸ்பூன் சுக்குத்தூள், கால் டீஸ்பூன் கிராம்புத்தூள். கடையில் இரண்டு இடத்தில் கை தவறும். வெறும் பூசணி விழுது டின்னுக்குப் பக்கத்திலேயே சர்க்கரையும் மசாலாவும் சேர்த்த "பை மிக்ஸ்" டின் இருக்கும், அது வேண்டாம். எவாப்பரேட்டட் மில்க்குக்குப் பக்கத்திலேயே கன்டென்ஸ்டு மில்க் இருக்கும், அதை ஊற்றினால் தித்திப்பு தாங்காது. 425இல் 15 நிமிடம், பிறகு 350க்குக் குறைத்து 40 முதல் 50 நிமிடம். ஓரம் இறுகி, நடுவில் இரண்டு அங்குலம் மட்டும் லேசாக ஆடும்போதே எடுத்துவிடுங்கள். முழுக்க இறுகும்வரை விட்டால் முட்டை சுருங்கி, ஆறும்போது நடுவில் வெடிப்பு விழும்.

கிரான்பெர்ரி சாஸ் பத்து நிமிட வேலை. 12 அவுன்ஸ் கிரான்பெர்ரிப் பாக்கெட் ஒன்று, ஒரு கப் சர்க்கரை, ஒரு கப் தண்ணீர். பழங்கள் படபடவென்று வெடிக்கத் தொடங்கி பத்து நிமிடத்தில் இறக்கிவிடுங்கள். நீர்த்திருக்கிறதே என்று மேலும் காய்ச்ச வேண்டாம், பழத்திலிருக்கும் பெக்டின் ஆறியதும் தானாக இறுக்கும். ஒரு துண்டு இஞ்சியும் இரண்டு வரமிளகாயும் போட்டால் நம் நாக்குக்கு ஏற்ற தொக்காகிவிடும்.

இனி வியாழன். பிற்பகல் 3 மணிக்குச் சாப்பாடு என்று வைத்துக்கொள்வோம். மதியம் 12 மணிக்கு ஓவனை 450இல் வையுங்கள். பெரிய விளிம்புத் தட்டில் நறுக்கிய வெங்காயம், கேரட், செலரியைப் பரப்பி ஒரு கப் தண்ணீர் ஊற்றி, மேலே கம்பி வலை வைத்து, அதன் மேல் பறவையைத் தோல் மேலிருக்கும்படி கிடத்துங்கள். அடியில் காய் இல்லாவிட்டால் சொட்டும் கொழுப்பு கருகி, புகை எழும்பி, அலாரம் அலறும். 12.30க்கு உள்ளே வைத்தால் 80 முதல் 90 நிமிடத்தில் வெந்துவிடும். தோல் சீக்கிரம் சிவந்தால் 400க்குக் குறையுங்கள். நடுநடுவே திறந்து சாற்றை மேலே ஊற்ற வேண்டாம். ஒவ்வொரு முறையும் ஓவன் சூடு இறங்கும், காய வைத்த தோல் நனையும், கறிக்குள் ஒரு துளிகூடப் போகாது.

ஒரு மணி நேரம் கழித்துத் தெர்மாமீட்டரைக் குத்துங்கள். நெஞ்சின் மிகத் தடிமனான இடத்தில், கழுத்துப் பக்கத்திலிருந்து கிடைவாக, எலும்பைத் தொடாமல். எலும்பைத் தொட்டால் தப்பான அளவு காட்டும். நெஞ்சு 160, தொடையின் உள்பக்கம் 175 வந்ததும் வெளியே எடுங்கள். தட்டில் இருக்கும்போதே உள்சூடு இன்னும் ஐந்து டிகிரிக்கு மேல் ஏறும். பத்து நிமிடம் கழித்து மறுபடி குத்தி 165 வந்ததை உறுதிசெய்துகொள்ளுங்கள், வராவிட்டால் மறுபடி உள்ளே. பிறகு அரை மணி நேரம் சும்மா இருக்கட்டும். ஃபாயிலால் இறுக மூடினால் ஆவியில் தோல் தளர்ந்துவிடும். உடனே வெட்டினால் சாறெல்லாம் பலகையில் ஓடும். இந்த அரை மணிதான் ஓவன் காலியாக இருக்கும் நேரம். மற்ற தட்டுகள் எல்லாம் இப்போதுதான் உள்ளே போக வேண்டும்.

முழுப் பறவையாகவே வேண்டும் என்பவர்களுக்கு: 325 டிகிரி, உள்ளே எதையும் அடைக்காமல் 14 பவுண்டுக்கு மூன்றரை முதல் நான்கு மணி நேரம். இரண்டரை மணிக்குப் பிறகு நெஞ்சின் மேல் மட்டும் ஃபாயில் போடுங்கள். சூட்டுக் கணக்கு அதேதான். தொடை 175 வருவதற்குள் நெஞ்சு 165ஐத் தாண்டிக் கொஞ்சம் மேலே போகும், அதற்குத்தான் கிரேவி இருக்கிறது.

எண்ணெயில் முழுசாகப் பொரிக்கும் முறை லூசியானா பக்கத்திலிருந்து பரவியது, ருசியும் அபாரம். ஆனால் முதல்முறை விருந்துக்கு அதைத் தொடாதீர்கள். கொஞ்சம் பனி உள்ளே இருந்தாலும் எண்ணெய் பொங்கி அடுப்பில் வழிந்து தீப்பிடிக்கும்.

வெட்டும்போது முதலில் காலும் தொடையும், மூட்டில் கத்தி வைத்தால் சிரமமின்றிப் பிரியும். பிறகு நெஞ்செலும்பின் இருபுறமும் எலும்பை ஒட்டிக் கத்தியை இறக்கி, நெஞ்சுக்கறியை முழுத் துண்டாகக் கழற்றுங்கள். பலகையில் வைத்து, நார் ஓடும் திசைக்குக் குறுக்கே அரை அங்குலத் துண்டுகளாக, ஒவ்வொரு துண்டிலும் தோல் இருக்கும்படி அறுங்கள். பறவையின் மேலேயே நீளவாக்கில் சீவினால் நார் நாராக வரும்.

கிரேவிக்கு ஒரு கப் சாற்றுக்கு ஒன்றரை டேபிள்ஸ்பூன் வெண்ணெய், அதே அளவு மைதா. வெண்ணெயில் மைதாவைப் பழுப்பு நிறம் வரும்வரை வறுத்து, சாற்றைக் கொஞ்சம் கொஞ்சமாக விட்டுக் கலக்குங்கள். மொத்தமாக ஊற்றினால் கட்டி தட்டும். தட்டில் வடிந்திருக்கும் சாற்றின் கொழுப்பை நீக்கிக் கடைசியில் சேருங்கள். அதற்குமுன் உப்புப் போடாதீர்கள், தட்டில் வடிந்ததிலேயே உப்பு இருக்கிறது.

ஸ்டஃபிங் என்னும் ரொட்டிக் கலவையைப் பறவைக்குள் அடைப்பது பழைய வழக்கம். உள்ளே பச்சைச் சாறு ஊறுவதால் அதன் நடுவும் 165 வர வேண்டும், அதற்குள் நெஞ்சு வறண்டுவிடும். தனித் தட்டில் செய்யுங்கள்: ஒன்றரை பவுண்ட் ரொட்டியைச் சதுரமாக வெட்டிக் குறைந்த சூட்டில் மொறுமொறுவென்று காய வைத்து, ஒன்றரை குச்சி (முக்கால் கப்) வெண்ணெயில் இரண்டு வெங்காயம், நாலு செலரி, சேஜ், தைம் ஆகிய மூலிகைகள் வதக்கிச் சேர்த்து, மூன்று கப் சாறும் இரண்டு முட்டையும் ஊற்றிப் பிரட்டி, 350இல் மூடி அரை மணி, திறந்து கால் மணி. புது ரொட்டியைப் போட்டால் களியாகிவிடும். தென் மாநிலங்களில் இதையே சோள ரொட்டியில் செய்து டிரெஸ்ஸிங் என்பார்கள். மினசோட்டாவில் காட்டரிசி சேர்ப்பதுண்டு.

மசித்த உருளைக்கிழங்குக்கு ஐந்து பவுண்ட் யூக்கான் கோல்ட் வகைக் கிழங்கு. உப்புப் போட்ட குளிர்ந்த தண்ணீரிலிருந்தே வேக வைத்து, மத்தால் மசித்து, முதலில் வெண்ணெய், பிறகு சூடான பால். மிக்ஸியில் போட்டால் ஸ்டார்ச் வெளியேறிப் பசையாகிவிடும், திருத்தவே முடியாது. கிரீன் பீன் கேசரோல் 1955இல் கேம்பெல் சூப் நிறுவனச் சமையலறையில் டார்கஸ் ரைலி உருவாக்கியது: பீன்ஸ், காளான் சூப் டின், பால், சோயா சாஸ், மேலே பொரித்த வெங்காயம். வெங்காயத்தைக் கடைசி ஐந்து நிமிடத்துக்கு ஒதுக்கி வையுங்கள்.

சைவ விருந்தினர்களுக்காகச் சில விஷயங்கள். சர்க்கரைவள்ளிக் கிழங்கின் மேல் உருக்கும் மார்ஷ்மெல்லோவில் ஜெலட்டின் இருக்கிறது. கடையில் வாங்கும் சில பை மாவுகளில் பன்றிக் கொழுப்பு உண்டு, உறையைப் பாருங்கள். ஸ்டஃபிங்கை இரண்டு தட்டாகப் பிரித்து ஒன்றில் காய்கறிச் சாறு ஊற்றுங்கள், முட்டை சாப்பிடாதவர்கள் என்றால் முட்டையை விட்டுவிட்டு அரை கப் சாறு கூடுதலாக. காளானை நன்றாகச் சிவக்க வதக்கி அதே மைதா முறையில் ஒரு கிரேவி செய்தால் அசைவக்காரர்களும் கேட்டு வாங்குவார்கள்.

விருந்தினரில் அமெரிக்கக் குடும்பத்தினர் இருந்தால், "உங்கள் வீட்டில் எது இல்லாவிட்டால் தேங்க்ஸ்கிவிங் ஆகாது?" என்று முன்பே கேட்டுவிடுங்கள். கறுப்பின மக்கள் வீடுகள் பலவற்றில் ஓவனில் சுட்ட மாக்கரோனி அண்ட் சீஸும் சர்க்கரைவள்ளிப் பையும் முக்கியம். இத்தாலிய வம்சாவளி வீடுகள் சிலவற்றில் லசான்யா, மெக்சிகோ வம்சாவளி வீடுகளில் சோள மாவில் செய்யும் தமாலே. டின் வடிவம் மாறாமல் வெட்டி வைத்த கிரான்பெர்ரி ஜெல்லிதான் வேண்டும் என்பவர்களும் உண்டு, அதை வாங்கி வைப்பதில் கௌரவக் குறைவு ஒன்றுமில்லை. இந்த விழாவின் தொடக்கமாகச் சொல்லப்படுவது 1621இல் பிளிமத்தில் ஆங்கிலேயக் குடியேறிகளும் வாம்பனோவாக் பூர்வகுடி மக்களும் சேர்ந்து உண்ட விருந்து. அதைப் பற்றிக் குடியேறிகளில் ஒருவரான எட்வர்ட் வின்ஸ்லோ எழுதிய கடிதத்தில் பறவைகளும் ஐந்து மான்களும்தான் வருகின்றன, வான்கோழி என்று பெயர் சொல்லி இல்லை. இன்றைய பட்டியல் பெரும்பாலும் 19ஆம் நூற்றாண்டில் சேர்ந்தது. பத்திரிகை ஆசிரியர் சாரா ஜொசஃபா ஹேல் தன் பத்திரிகை வழியே பல ஆண்டுகள் வலியுறுத்தியதும், 1863இல் லிங்கன் அறிவித்ததும் சேர்ந்துதான் இதைத் தேசிய விழாவாக்கின. நவம்பர் நான்காவது வியாழன் என்று சட்டமானது 1941இல். பூர்வகுடியினர் பலர் 1970 முதல் அதே நாளில் பிளிமத்தில் கூடித் துக்க நாளாக அனுசரிக்கிறார்கள். விருந்தினரில் பூர்வகுடியினர் இருந்தால் இது மனதில் இருக்கட்டும்.

மிச்சத்தை இரண்டு மணி நேரத்துக்குள் எலும்பிலிருந்து பிரித்து, ஆழமில்லாத டப்பாக்களில் ஃப்ரிட்ஜில் வைத்தால் மூன்று, நான்கு நாள் தாங்கும். பெரிய பாத்திரத்தில் மொத்தமாக அடைத்தால் நடுப்பகுதி குளிர வெகுநேரம் ஆகும், கெடுவது அங்கிருந்துதான். நெஞ்சுக்கறியை மறுபடி சூடாக்கும்போது மேலே இரண்டு ஸ்பூன் கிரேவி விட்டு மூடிச் சூடாக்குங்கள். வெள்ளிக்கிழமை பிரியாணியோ கொத்துப் பரோட்டாவோ போடுவதென்றால் தொடைக்கறியை மட்டும் எடுங்கள், அதையும் கடைசியில் பிரட்டிச் சேருங்கள். ஏற்கெனவே வெந்த நெஞ்சுக்கறி தம்மில் இன்னொரு முறை வெந்தால் சக்கையாகிவிடும். அது சாண்ட்விச்சுக்கு, மேலே அந்த வரமிளகாய் போட்ட கிரான்பெர்ரியோடு.